எடையைக் குறைத்த பொறியியலாளர்: கொலின் சப்மனும் லோட்டஸ் கார்களும்

இன்றைய போர்முலா 1 பந்தயக் கார் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போமானால், அதன் உடலமைப்பு, இயந்திரம் பொருத்தப்பட்டுள்ள முறை, அடிப்பாகத்தின் வடிவம், ஏன் அதன் மேல் தீட்டப்பட்டிருக்கும் விளம்பர வர்ணங்கள் வரையில், ஒரே மனிதரின் கைரேகை பதிந்திருப்பதைக் காணலாம். லோட்டஸ் கார் நிறுவனத்தின் ஸ்தாபகரான கொலின் சப்மனே அவர். 1982 ஆம் ஆண்டு தமது 54 ஆவது வயதில் அவர் காலமானபோது, லோட்டஸ் கார்கள் தயாரிப்பாளர்களுக்கான உலக சாம்பியன் பட்டத்தை ஏழு தடவைகள் வென்றிருந்தன. அவற்றைச் செலுத்திய சாரதிகள் ஆறு தடவைகள் உலக சாம்பியன்களாகியிருந்தனர். எனினும் அவர் மறைந்து பத்து ஆண்டுகளின் பின்னர் பெல்பாஸ்ட் நகர நீதிமன்றமொன்றில் அவரது பெயர் பெருந்தொகை மோசடியொன்றின் சூத்திரதாரிகளில் ஒருவராக உச்சரிக்கப்பட்டது. இந்த இரண்டு சப்மன்களும் ஒருவரே என்பதை விளங்கிக் கொள்ள அவரது வாழ்வை ஆரம்பத்திலிருந்தே பார்ப்பது அவசியமாகும்.

1928 ஆம் ஆண்டு மே மாதம் 19 ஆம் திகதி இங்கிலாந்தின் ரிச்மண்டில் பிறந்த அவர், வட லண்டனின் ஹோர்ன்சியில் தந்தையார் நடத்திவந்த மதுபான விடுதியைச் சூழவே வளர்ந்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் கற்றது கட்டமைப்புப் பொறியியல். அதாவது பாலங்களையும் கட்டடங்களையும் எவ்வாறு தாங்க வைப்பது என்ற கல்வியேயன்றி, மோட்டார் வாகனங்கள் பற்றிய கல்வியல்ல. பல்கலைக்கழக விமானப்படைப் பிரிவில் சேர்ந்து விமானம் ஓட்டவும் பழகினார். ஒவ்வொரு இறாத்தல் பாரத்துக்கும் கணக்குச் சொல்லவேண்டிய விமானத் தொழில்நுட்பமும், எந்தச் சட்டம் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதைக் கணிக்கும் கட்டமைப்பு அறிவும் அவருள் ஒன்றுகலந்தன. பின்னாளில் அவர் செய்தவை யாவும் இந்தக் கலப்பின் விளைவுகளே எனலாம்.

மாணவப் பருவத்திலேயே பழைய கார்களை வாங்கி விற்கும் சிறு வியாபாரமொன்றை நண்பரொருவருடன் சேர்ந்து நடத்தினார். யுத்தத்துக்குப் பிந்திய பெற்றோல் கட்டுப்பாடுகளினால் 1947 இல் அவ்வியாபாரம் படுத்துவிட்டது. விலைபோகாமல் எஞ்சிய பழைய ஒஸ்டின் செவன் கார் ஒன்றைக் கழற்றி, தம் விருப்பப்படி மீளக் கட்டத் தொடங்கினார். மஸ்வெல் ஹில்லில் அவரது காதலி ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோரது வீட்டின் பின்னாலிருந்த கராஜே முதலாவது லோட்டஸ் பிறந்த இடமாகும். 1952 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாம் திகதி லோட்டஸ் பொறியியல் கம்பனி ஆரம்பிக்கப்பட்டபோது, அதன் மூலதனமாக அமைந்ததும் ஹேசல் கடனாகக் கொடுத்த 25 பவுண்களே. 1954 இல் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். தாமரையைக் குறிக்கும் அப்பெயரை அவர் ஏன் தெரிந்தெடுத்தார் என்பதை மட்டும் இறுதிவரை அவர் எவருக்கும் பகிரங்கமாகக் கூறவில்லை. அவர் ஹேசலை அழைத்த செல்லப்பெயர் அது என்பது பலர் நம்பும் கதை.

அக்காலத்தில் பிரிட்டனில் முழுமையாகத் தயாரிக்கப்பட்ட காரை வாங்குவோர் கொள்வனவு வரி செலுத்தவேண்டியிருந்தது. உதிரிப்பாகங்களாக வாங்கினால் அவ்வரி இல்லை. எனவே சப்மன் தமது ஆரம்பகாலக் கார்களைப் பாகங்களாகவே விற்றார். வாங்குபவர் தம் வீட்டு முற்றத்தில் வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். பொருத்தும் முறையைக் கூறும் கைநூல் வழங்கப்பட்டால் வரி விதிக்கப்படும் என்ற நிலையில், கழற்றும் முறையைக் கூறும் கைநூலை லோட்டஸ் வழங்கியதாகவும், வாங்கியோர் அதனைப் பின்னிருந்து முன்னாக வாசித்ததாகவும் ஒரு கதை உண்டு. அது முழுவதும் உண்மையோ இல்லையோ, மனிதரின் போக்கை அது சரியாகவே காட்டுகின்றது. ஒரு சட்டம் எதைச் சொல்கின்றது என்பதைவிட, எதைச் சொல்லாமல் விட்டிருக்கின்றது என்பதிலேயே சப்மனின் கண் இருந்தது. 1957 இல் வெளிவந்த லோட்டஸ் செவன் இவ்வகைக் கார்களுள் புகழ்பெற்றது. அதன் உற்பத்தி உரிமை 1973 இல் கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியபோதும், அதன் வழிவந்த கார்கள் இன்றும் தயாரிக்கப்பட்டு வருகின்றன.

அவரது அடிப்படைக் கொள்கை மிக எளிமையானது. இயந்திரத்தின் வலுவைக் கூட்டினால் கார் நேர்ப்பாதையில் மட்டுமே வேகம் பெறும். எடையைக் குறைத்தாலோ வேகமெடுக்கும்போதும், நிறுத்தும்போதும், வளைவுகளில் திரும்பும்போதும் பயன் கிடைக்கும். பெரிய இயந்திரங்களை உருவாக்கும் பணபலம் பெராரி போன்ற நிறுவனங்களிடம் இருந்தது. மதுபான விடுதிக்காரரின் மகனிடம் இருந்ததோ பென்சிலும் கணிப்பு அறிவும் மட்டுமே. ஒரே உறுப்பு இரண்டு மூன்று வேலைகளைச் செய்யவேண்டும் என்பதே அவரது எதிர்பார்ப்பாக இருந்தது. 1957 இல் காட்சிக்கு வைக்கப்பட்ட லோட்டஸ் எலீட் காரில் தனியான அடிச்சட்டகமே இல்லை. கண்ணாடியிழையாலான உடலே முழுச்சுமையையும் தாங்கியது. அழகிய அந்தக் கார் நிறுவனத்துக்கு நட்டத்தையே கொடுத்தது என்பது வேறு விடயம்.

1956 இல் வன்வோல் என்ற பிரிட்டிஷ் பந்தயக் குழுவுக்காக அவர் வடிவமைத்துக் கொடுத்த சட்டகம், 1958 இல் முதன்முதலாக வழங்கப்பட்ட தயாரிப்பாளர்களுக்கான உலக சாம்பியன் பட்டத்தை அக்குழுவுக்குப் பெற்றுக்கொடுக்க உதவியது. அவர் தாமும் திறமையான சாரதி. 1956 இல் பிரான்சின் றீம்ஸ் நகரில் வன்வோல் காரைச் செலுத்தக் களமிறங்கி, பயிற்சியின்போதே சக வீரரின் காருடன் மோதியதால் பந்தயத்தில் கலந்துகொள்ள முடியாமற்போனது. கிராண்ட் பிறிக்ஸ் பந்தயச் சாரதியாக அவரது முயற்சி அத்துடன் முடிந்தது. தமது சொந்தக் குழுவுடன் 1958 இல் மொனாக்கோவில் போர்முலா 1 களத்தில் நுழைந்தார்.

இயந்திரத்தைச் சாரதிக்குப் பின்னால் வைக்கும் முறையைக் கூப்பர் நிறுவனம் ஏற்கனவே வெற்றிகரமாகச் செய்து காட்டியிருந்தது. இந்த விடயத்தில் சப்மன் பின்தங்கியே வந்தார் என்பதை அவரது ரசிகர்கள் மறந்துவிடுவதுண்டு. எனினும் 1960 இல் வெளிவந்த அவரது லோட்டஸ் 18, கூப்பரையும் விஞ்சியது. அவ்வருடம் மே மாதம் மொனாக்கோவில் ஸ்டேர்லிங் மொஸ் தனியார் குழுவொன்றின் சார்பில் அக்காரைச் செலுத்தி லோட்டஸுக்கு முதலாவது கிராண்ட் பிறிக்ஸ் வெற்றியைத் தேடிக்கொடுத்தார்.

அடுத்த மாதமே பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுபாதையில் அந்த வெற்றியின் மறுபக்கம் தெரிந்தது. பயிற்சியின்போது மொஸ்ஸின் காரிலிருந்து பின்சில்லு கழன்றது. அவரது இரு கால்களும் முறிந்தன. மைக் டெய்லர் என்ற மற்றொரு சாரதி செலுத்திய லோட்டஸின் திசைதிருப்பித் தண்டு முறிந்ததில் அவரது பந்தய வாழ்வே முடிவுற்றது. பின்னர் அவர் லோட்டஸுக்கு எதிராக வழக்குத் தொடுத்து வெற்றியும் பெற்றார். பந்தய தினத்தன்று, முகத்தில் பறவையொன்று மோதியதால் லோட்டஸ் குழுவின் அலன் ஸ்டேசி உயிரிழந்தார். இந்த இறுதி மரணத்துக்கும் காரின் வடிவமைப்புக்கும் தொடர்பில்லை. ஆனால் முதலிரு விபத்துகளின் பின்னர் லோட்டஸ் கார்கள் வேகமானவை, அதேவேளை உடையக்கூடியவை என்ற பேச்சு பந்தய உலகில் நிலைத்துவிட்டது.

1962 ஆம் ஆண்டு ஒல்லாந்தின் சான்ட்வூர்ட்டில் அறிமுகமான லோட்டஸ் 25 தான் சப்மனின் மேதைமையை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டியது. அதுவரை பந்தயக் கார் என்பது உலோகக் குழாய்களை ஒட்டிக் கட்டிய ஒரு கூடு. அதன் மேல் மெல்லிய தகடு போர்த்தப்பட்டிருக்கும். சப்மன் அக்கூட்டை அகற்றினார். அலுமினியத் தகடுகளாலான இரு நீண்ட பெட்டிகளை இருபுறமும் வைத்து, அவற்றினுள் எரிபொருளை நிரப்பி, நடுவே சாரதியைச் சாய்ந்து படுக்கும் நிலையில் இருத்தினார். விமானத்தின் உடலைப் போல வெளித்தோலே எலும்பாகவும் அமைந்தது. முன்னைய காரைவிட எடை குறைவு. முறுக்கத்துக்கு எதிரான உறுதியோ பன்மடங்கு அதிகம். உணவகமொன்றில் கைதுடைக்கும் கடதாசியில் அவர் இதனை முதலில் வரைந்தார் எனச் சொல்லப்படுகின்றது. பழைய பாணியிலான லோட்டஸ் 24 காரைப் பணம் கொடுத்து வாங்கியிருந்த தனியார் குழுக்கள், சப்மன் தமது சொந்தக் குழுவுக்கு மாத்திரம் இப்படியொன்றை மறைத்து வைத்திருந்ததைக் கண்டு கொதித்தெழுந்ததில் நியாயம் இருந்தது.

ஸ்கொட்லாந்தின் எல்லைப்புறத்தைச் சேர்ந்த, அமைதியான சுபாவம் கொண்ட விவசாயியான ஜிம் கிளார்க் அந்தக் காரின் சாரதி. 1963 இல் பத்துப் பந்தயங்களுள் ஏழில் வென்று உலக சாம்பியனானார். 1965 இல் மீண்டும் சாம்பியனானதுடன், அமெரிக்காவின் இன்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தையும் 200 சுற்றுக்களில் 190 இல் முன்னணியில் நின்று வென்றார். இயந்திரம் பின்னால் அமைந்த காரொன்று அங்கு வென்றது அதுவே முதல் தடவையாகும். கிளார்க் கிராண்ட் பிறிக்ஸ் பந்தயங்களில் பெற்ற 25 வெற்றிகளும் லோட்டஸ் கார்களிலேயே கிடைத்தவை. பொறியியலாளர், சாரதி என்பதைக் கடந்து இருவரும் நெருங்கிய நண்பர்களாக விளங்கினர்.

1966 இல் நிறுவனம் நோர்போக் மாவட்டத்தின் ஹெதல் என்னுமிடத்திலிருந்த பழைய யுத்தகால விமானத்தளத்துக்கு இடம்பெயர்ந்தது. அதே காலப்பகுதியில் புதிய பந்தய இயந்திரமொன்றை உருவாக்க 100,000 பவுண்களை முதலிடுமாறு ஃபோர்ட் நிறுவனத்தைச் சப்மன் இணங்கவைத்தார். கொஸ்வேர்த் நிறுவனத்தின் கீத் டக்வேர்த் அதனை வடிவமைத்தார். லோட்டஸ் 49 காரில் அந்த இயந்திரம் சட்டகத்தின் மேல் வைக்கப்படவில்லை. அதுவே சட்டகத்தின் பின்பாதியாகச் சாரதியின் முதுகுப்புறத்தில் பூட்டப்பட்டு, பின்சில்லுகளின் சுமையையும் தாங்கியது. 1967 ஜூன் 4 ஆம் திகதி முதன்முதலாகக் களமிறங்கிய பந்தயத்திலேயே கிளார்க் அதில் வெற்றி பெற்றார். பின்னர் ஏனைய குழுக்களுக்கும் விற்கப்பட்ட அந்த இயந்திரம் 1983 வரை மொத்தமாக 155 கிராண்ட் பிறிக்ஸ் வெற்றிகளைக் குவித்தது. சிறிய குழுக்களும் பெராரியுடன் மோதமுடிந்த ஒரு காலம் உருவாகியதற்கு இது பெரிதும் காரணமாகும்.

1968 ஏப்ரல் 7 ஆம் திகதி ஜேர்மனியின் ஹொக்கன்ஹைமில் நடைபெற்ற, முக்கியத்துவம் குறைந்த போர்முலா 2 பந்தயமொன்றில் கிளார்க்கின் லோட்டஸ் பாதையை விட்டு விலகி மரங்களில் மோதியது. பின்டயரில் காற்று இறங்கியமையே காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. அவர் அவ்விடத்திலேயே உயிரிழந்தார். சப்மன் அன்று அங்கிருக்கவில்லை. விடுமுறையில் சுவிட்ஸர்லாந்து சென்றிருந்தார். சரியாக ஒரு மாதத்தின் பின்னர் கிளார்க்குக்குப் பதிலாக இன்டியானாபோலிஸுக்குச் சென்ற மைக் ஸ்பென்சும் லோட்டஸில் பயிற்சியெடுத்தபோது பலியானார். பந்தயத்தையே கைவிடும் மனநிலைக்குச் சப்மன் சென்றதாக அவரை அறிந்தோர் பதிவு செய்துள்ளனர். குழுவைத் தாங்கி நிறுத்தியவர் கிரஹம் ஹில். அவ்வருடத்தின் உலக சாம்பியனும் அவரே.

அதே வருடத்தில்தான் லோட்டஸ் கார்கள் பிரிட்டனின் மரபான பச்சை வர்ணத்தைக் களைந்து, ஒரு சிகரெட் பெட்டியின் சிவப்பு, வெள்ளை, பொன் வர்ணங்களை அணிந்தன. முன்னணிக் குழுவொன்று தன்னை முழுமையாக விளம்பரதாரரின் வர்ணத்துக்கு மாற்றிக்கொண்டது அதுவே முதன்முறை. பந்தயத் துறைக்கு அது கொண்டுவந்த பணத்தை எவரும் மறுக்க முடியாது. பல தசாப்தங்களாகப் புகையிலைக் கம்பனிகள் இளைஞர்களின் கண்முன்னே தம் பெயரை மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் ஓடவிடுவதற்குக் கதவைத் திறந்ததும் அதுவே என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

1969 இல் அவுஸ்திரியச் சாரதியான யோகென் ரின்ட் லோட்டஸில் இணைந்தார். காரைத் தரையோடு அழுத்திப் பிடிப்பதற்காக உயரமான மெல்லிய கம்பங்களின் மேல் இறக்கைகளைப் பொருத்தும் முறை அப்போது பரவியிருந்தது. அவ்வருட ஸ்பானிய கிராண்ட் பிறிக்ஸ் பந்தயத்தில், பார்சிலோனாவின் மொன்ஜுயிக் ஓடுபாதையில், ஹில்லின் காரிலும் ரின்டின் காரிலும் இறக்கைகள் ஒரே இடத்துக்கு அண்மையில் அடுத்தடுத்து உடைந்து வீழ்ந்தன. இருவரும் தப்பியது தெய்வாதீனம். காயமுற்ற ரின்ட், சப்மனுக்குக் கடிதமொன்றை எழுதினார். லோட்டஸ் கார்கள் ஏற்கனவே போதிய வேகமுடையவை என்றும், பலவீனமான பாகங்களை உறுதிப்படுத்தச் சில இறாத்தல்கள் எடையைச் செலவிட்டாலும் வெற்றிபெற முடியும் என்றும், தமக்கு நம்பிக்கை தரும் காரையே தம்மால் செலுத்த முடியும் என்றும் அதில் அவர் விளக்கியிருந்தார். ஒரு சாரதி தன் உயிருக்காகக் கேட்டது சில இறாத்தல்களை மட்டுமே.

சப்மன் இரக்கமற்றவர் என்று எளிதில் தீர்ப்புக் கூறிவிடலாம். அது முழு உண்மையன்று. கிளார்க்கின் மரணம் அவரை எவ்வளவு உடைத்தது என்பதை மேலே கண்டோம். ஆயினும் வரைபலகையின் முன் அமர்ந்தவுடன் அவர் கண்ணுக்குத் தெரிந்தவை அலகுகளும் சுமைகளும் மட்டுமே போலும். ஒரு பாகம் முறியும்வரை அதன் எடையைக் குறைத்து, முறிந்தபின் சற்றே தடிப்பாக்குவது பொறியியலில் நியாயமான முறையாக இருக்கலாம். பரிசோதனைச் சாலையில் அல்லாமல் ஓடுபாதையில் அதனைச் செய்யும்போது, காருக்குள் ஒருவர் அமர்ந்திருக்கின்றார்.

1970 இல் வெளிவந்த லோட்டஸ் 72, ஆப்பு வடிவமான முன்பகுதியுடனும், இருமருங்கிலும் வைக்கப்பட்ட நீர்க்குளிராக்கிகளுடனும் அடுத்த பல வருடங்களுக்குரிய பந்தயக் காரின் தோற்றத்தையே நிர்ணயித்தது. சில்லுகளின் பாரத்தைக் குறைப்பதற்காக முன் பிரேக்குகள் சில்லுகளிலிருந்து பிரிக்கப்பட்டு காரின் உடலோடு வைக்கப்பட்டன. உள்ளீடற்ற தண்டுகள் அவற்றைச் சில்லுகளுடன் இணைத்தன. ஆரம்பக் குறைகள் நீக்கப்பட்டதும் ஒல்லாந்து, பிரான்ஸ், பிரிட்டன், ஜேர்மனி என நான்கு பந்தயங்களை ரின்ட் தொடர்ச்சியாக வென்றார். ஒல்லாந்து வெற்றி அவருக்கு மகிழ்ச்சியளிக்கவில்லை. அவரது நெருங்கிய நண்பர் பியர்ஸ் கரேஜ் அதே பந்தயத்தில் வேறொரு குழுவின் காரில் கருகி இறந்திருந்தார்.

1970 செப்டெம்பர் 5 ஆம் திகதி இத்தாலியின் மொன்சாவில், நேர்ப்பாதை வேகத்தைக் கூட்டுவதற்காக இறக்கைகள் கழற்றப்பட்ட நிலையில் ரின்ட் பயிற்சியில் ஈடுபட்டார். இறுதி வளைவை அண்மித்து பிரேக்கை அழுத்தியபோது கார் இடதுபுறமாகத் திரும்பி, சரிவரப் பொருத்தப்படாத பாதுகாப்பு வேலியில் புகுந்தது. ஆசனப்பட்டியின் கால்களுக்கிடையிலான பகுதியை அவர் அணிந்திருக்கவில்லை. இத்தாலிய விசாரணை, வலது முன் பிரேக் தண்டு முறிந்ததே விபத்தின் ஆரம்பம் என்றும், மரணத்துக்குக் காரணம் வேலியின் குறைபாடு என்றும் முடிவு செய்தது. அவ்வழக்கு பல ஆண்டுகள் சப்மனைத் தொடர்ந்தது.

அதுவரை ரின்ட் பெற்றிருந்த 45 புள்ளிகளை வேறெவராலும் எட்டமுடியவில்லை. ஒக்டோபரில் அமெரிக்கப் பந்தயத்தில், லோட்டஸில் புதிதாகச் சேர்ந்திருந்த பிரேசில் இளைஞர் எமர்சன் பிட்டிபால்டி வென்றதும் அது உறுதியாயிற்று. இறந்தபின் உலக சாம்பியனான ஒரேயொருவர் ரின்ட். அவரது மனைவி நீனாவே கிண்ணத்தைப் பெற்றுக்கொண்டார்.

பின்வந்த ஆண்டுகள் கறுப்பும் பொன்னும் கலந்த லோட்டஸின் ஆண்டுகள். 1972 இல் பிட்டிபால்டி 25 வயதிலேயே சாம்பியனானார். ஒவ்வொரு வெற்றியின்போதும் சப்மன் ஓடுபாதையோரத்தில் துள்ளிக் குதித்துத் தமது கறுப்புத் தொப்பியை வானில் எறியும் காட்சி உலகப் பிரசித்தமாயிற்று. 1977 இல் ஜேம்ஸ் பொண்ட் திரைப்படமொன்றில் நீருக்குள் ஓடிய எஸ்பிரி கார் லோட்டஸின் பெயரைப் பந்தயம் பார்க்காதவர்களிடமும் கொண்டுசென்றது.

இடையில் சில வருடங்கள் தோல்வி. அதன்பின் சப்மனும் பீற்றர் ரைட் உள்ளிட்ட அவரது பொறியியலாளர்களும் காற்றுச்சுரங்கப் பரிசோதனைகளின் வழியே ஒரு புதிய உண்மையைக் கண்டனர். காரின் இருமருங்குப் பகுதிகளின் அடிப்பாகத்தைக் கவிழ்த்த விமான இறக்கையைப் போல் வளைத்து, ஓரங்களைத் தரையைத் தொடும் தடுப்புகளால் மூடினால், அடியில் விரைந்தோடும் காற்றின் அழுத்தம் குறைந்து கார் தரையோடு உறிஞ்சப்படும். 1978 இல் லோட்டஸ் 79 காரில் மரியோ அன்ட்ரெட்டியை எவராலும் நெருங்க முடியவில்லை. ஆனால் அவர் பட்டத்தை உறுதிசெய்த அதே செப்டெம்பர் 10 ஆம் திகதி, அதே மொன்சாவில், சக சாரதியான சுவீடனின் ரொனி பீற்றர்சன் ஆரம்ப நெரிசலில் சிக்கினார். காலையில் அவரது புதிய கார் சேதமடைந்ததால் பழைய லோட்டஸ் 78 காரிலேயே அவர் களமிறங்கியிருந்தார். முன்பகுதி நொறுங்கி இரு கால்களும் முறிந்த அவர் மறுநாள் மருத்துவமனையில் இறந்தார்.

அந்த இலையுதிர்காலத்தில்தான் ஜோன் டிலோரியன் சப்மனைத் தேடி வந்தார். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தை விட்டு விலகிய அவர், சொந்தப் பெயரில் கார் தயாரிப்பதற்கு பிரிட்டிஷ் அரசாங்கத்திடமிருந்து பெருந்தொகை நிதியைப் பெற்றிருந்தார். குண்டுவெடிப்புகளாலும் வேலையின்மையாலும் துவண்டிருந்த வட அயர்லாந்தில், பெல்பாஸ்ட் நகருக்கு அருகேயுள்ள டன்மறியில் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் ஒன்றாகத் தொழில்புரியும் தொழிற்சாலையொன்றை நிறுவுவதே அந்நிதியின் நோக்கமாகும். இரு சமூகத்தவரின் குடியிருப்புகளுக்கும் இடையிலேயே தொழிற்சாலை எழுந்தது. இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் அங்கு வேலை பெற்றனர். காரைச் செம்மைப்படுத்தும் பொறியியல் பணி லோட்டஸிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் அதற்கான ஒப்பந்தம், பனாமாவில் பதிவு செய்யப்பட்டு ஜெனீவாவிலிருந்து இயங்கிய ஜி.பி.டி. என்ற நிறுவனத்தினூடாகச் செய்யப்பட்டது. அதன் வழியாக 17.65 மில்லியன் டொலர் காணாமற்போனது. பணியைச் செய்ததற்காக லோட்டஸுக்கு வேறாகவும் பணம் செலுத்தப்பட்டது.

சப்மனின் இறுதி ஆண்டுகள் கசப்பானவை. இரட்டைச் சட்டகம் கொண்ட லோட்டஸ் 88 காரை 1981 இல் பந்தய நிர்வாகிகள் தடைசெய்தனர். விதிகளின் இடைவெளியைத் தாம் சரியாகவே வாசித்ததாக அவர் நம்பினார்; இம்முறை எவரும் ஏற்கவில்லை. 1982 பெப்ரவரியில் டிலோரியன் கம்பனி கடன்காரர்களின் நிர்வாகத்தின் கீழ் சென்றது. அவ்வருட ஓகஸ்டில் அவுஸ்திரியாவில் எலியோ டி அஞ்சலிஸ் ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வென்றபோது, சப்மனின் தொப்பி கடைசித் தடவையாக மேலெழுந்தது. டிசம்பர் 16 ஆம் திகதி அதிகாலை நோர்போக்கிலுள்ள தமது இல்லத்தில் மாரடைப்பால் அவர் காலமானார். அன்றைய தினமும் அவரது பொறியியலாளர்கள் ஸ்னெற்றர்டன் ஓடுபாதையில், கணினியால் இயங்கும் புதிய சில்லுத்தாங்கி முறையைப் பரீட்சித்துக் கொண்டிருந்தனர். அவர் இறக்கவில்லை, தென்னமெரிக்காவுக்குத் தப்பியோடிவிட்டார் என்ற வதந்தி பின்னர் எழுந்தது. அதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை.

அவர் உருவாக்கிய பந்தயக் குழு 1994 ஆம் ஆண்டுப் பருவத்துடன் களத்தை விட்டு நீங்கியது. கார் நிறுவனம் பல கைகள் மாறி 2017 இல் சீனாவின் ஜீலி குழுமத்தின் வசமாகியது.

டிலோரியன் விவகாரம் நீதிமன்றத்துக்கு வர 1992 ஆம் ஆண்டாகியது. லோட்டஸ் நிறுவனத்தின் நிதி விடயங்களை நீண்டகாலம் கவனித்துவந்த பிரெட் புஷெல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருடச் சிறைத்தண்டனை பெற்றார். சப்மன் உயிருடன் இருந்து அக்கூண்டில் நின்றிருந்தால் குறைந்தது பத்து வருடங்களாவது சிறை சென்றிருப்பார் என்று நீதிபதி தெரிவித்தார். டிலோரியன் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். அன்று பெல்பாஸ்ட் நீதிமன்றக் கூண்டில் நின்றவர் கணக்குகளைப் பார்த்தவர் மட்டுமே. டன்மறித் தொழிற்சாலை மூடப்பட்டு அப்போது பத்து வருடங்களாகியிருந்தன.